என்ன பண்ணுது?

1991இல் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கேஸ் ஷீட்டும் ‘சி/ஓ’ என்ற இரண்டு எழுத்தில்தான் தொடங்கும். கம்ப்ளெய்ன்ஸ் ஆஃப் என்பதன் சுருக்கம் அது. நோயாளி இன்ன தொந்தரவு சொல்கிறார் என்று எழுதுவதோடு நர்ஸின் பேனா நின்றுவிட வேண்டும். அதற்குக் கீழே நோயின் பெயரை எழுதும் உரிமை டாக்டருக்கு மட்டும். வந்திருப்பது நிமோனியா என்று மூச்சைப் பார்த்தே தெரிந்தாலும், ‘இருமல், காய்ச்சல், மூச்சு நிமிடத்துக்கு 32’ என்றுதான் எழுதுவோம். நிமோனியா என்ற சொல்லை எழுதிவிட்டால் மறுநாள் மேட்ரன் அறையில் போய் நிற்க வேண்டும்.

இப்போது நான் டெக்சாஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றுக்கு இக்கரையில் உள்ள ஒரு கிளினிக்கில் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர். அக்கரை மெக்சிகோ. காலை எட்டு மணிக்குத் திரையைத் திறந்தால் இருபது பேருக்குக் குறையாத பட்டியல். நோயாளியின் தொந்தரவை எழுத ஒரு கட்டம், நோயின் பெயரை எழுத இன்னொரு கட்டம். இரண்டாவது கட்டம் என்னுடையது. தலைவலி என்றால் ஆர் 51.9. சளிக்காய்ச்சல் என்றால் ஜே 06.9. அசதி என்றால் ஆர் 53.83. பெயர் வைப்பதும் நான், மருந்து எழுதுவதும் நான்.

இந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவே எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் போயிருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரி அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் மேற்கே, இன்று தென்காசி மாவட்டம் என்று பிரிந்துவிட்ட பக்கத்தில் இருந்தது. சுற்றிலும் பீடி சுற்றும் ஊர்கள். வெளி நோயாளிகளில் பாதிப் பேர் பீடி சுற்றும் பெண்கள். வருகிறவர்களை உட்காரவைத்து நான் கேட்கும் முதல் கேள்வி, ‘என்ன பண்ணுது?’ என் அம்மா என்னைக் கேட்டதும், அவளை ஆச்சி கேட்டதும் அதே கேள்விதான். இந்தக் கேள்வியில் உடம்பு தனியாக ஓர் ஆள் மாதிரி நிற்கிறது; அது இவர்களை ஏதோ பண்ணுகிறது. அதனால் பதிலும் அந்த ஆளைப் பற்றிய புகாராகவே வரும். மேலுக்கு முடியல சிஸ்டர். நெஞ்சுக்குள்ள கெடந்து பெசையுது. கண்ணை இருட்டிக்கிட்டு வருது. காலு ரெண்டும் என் காலு மாதிரியே இல்ல.

இந்தப் பதில்களை ஆங்கிலத்தில் கேஸ் ஷீட்டுக்கு மாற்றும்போதே பாதி நோய் தொலைந்துவிடும் என்பது எனக்கு அப்போதே உறைத்தது. ‘மயக்கமா வருது’ என்று ஒரு பெண் சொன்னால் அது நினைவு தப்புவதாக இருக்கலாம், தலை சுற்றலாக இருக்கலாம், கண் இருட்டலாக இருக்கலாம், பசியாக இருக்கலாம், பிள்ளை உண்டாகியிருப்பதாகவும் இருக்கலாம். புதிதாகக் கல்யாணமான பெண் மாமியாரை அருகில் வைத்துக்கொண்டு ‘வயித்துவலி’ என்று சொன்னால், நான் மாமியாரைச் சீட்டு வாங்கிவர அனுப்பிவிட்டு மறுபடி கேட்பேன். வெள்ளைப்படுவதும், நீர் கடுப்பதும், வேறு எங்கும் சொல்ல முடியாத வேறு சிலவும் அந்த ஒரு வயித்துவலிக்குள் இருந்துதான் வெளியே வரும்.

கருவிகள் அப்போது மிகக் குறைவு. சர்க்கரை பார்க்க சோதனைக் குழாயில் ஐந்து மில்லி பெனடிக்ட் கரைசல், எட்டுச் சொட்டு சிறுநீர், ஸ்பிரிட் விளக்கு. கொதிக்கவைத்துப் பிடித்துக்கொண்டு நிற்போம். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை மிக அதிகம். சிறுநீர் கொதிக்கும் அந்த வாடையை இன்றும் நினைவிலிருந்து எடுத்து முகர முடியும். ரத்தசோகைக்குக் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்போம். இருமலுக்கு ஒரே கேள்வி: மூன்று வாரம் ஆச்சா? ஆகியிருந்தால் சளி டப்பாவைக் கையில் கொடுத்துவிடுவோம். பீடி ஊர்களில் இருமலை யாரும் நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. ‘தூளு நெடி சிஸ்டர், எல்லாருக்கும் இருக்கதுதான்’ என்பார்கள். அந்த நெடிக்குப் பின்னால் காசநோய் மறைந்துகொள்ளும். காசநோயாளிகளை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம், அதற்காக சானடோரியத்தில் கொண்டுபோய் அடைக்க வேண்டியதில்லை என்று உலகத்துக்குக் காட்டிய ஆய்வு 1950களின் பிற்பாதியில் சென்னையில்தான் நடந்தது. எங்களுக்குப் பாடம் எடுத்த சிஸ்டர் அதைப் பெருமையோடு சொல்வார். ஆனால் மருந்து கொடுக்க முதலில் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு இருமல் எத்தனை நாளாக என்று கேட்க ஒருவர் வேண்டும்.

மடியில் பீடித் தட்டோடு விடிந்ததிலிருந்து குனிந்து உட்காரும் பெண்களின் இடுப்புவலிக்கு எங்களிடம் மாத்திரையும் தைலமும்தான் இருந்தன. நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றியாக வேண்டிய ஒருத்தியிடம் ஓய்வெடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று டெக்சாஸில் வெங்காயம் பொதியும் கொட்டகையில் எட்டு மணி நேரம் நிற்கிறவர்களிடமும் வரவில்லை. இடுப்புவலியில் பயப்பட வேண்டியவை எவை என்று மட்டும் இப்போது தெளிவாகத் தெரியும். சிறுநீர் கட்டிக்கொள்கிறதா, உட்காரும் இடம் மரத்துப்போகிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைகிறதா, முன்பு புற்றுநோய் வந்ததுண்டா என்று கேட்கிறேன். எதுவும் இல்லையென்றால் படமெடுக்க அவசரமில்லை. பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். ஆனால் கொட்டகை தணியாது.

அந்த நாட்களில் ஓர் இரவைச் சொல்ல வேண்டும்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு சுமை தூக்கும் தொழிலாளி. இரவு பதினொன்றரை மணிக்கு மனைவியும் மைத்துனரும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். ‘அவுக வாயுன்னு சொல்லுதாக. சோடா வாங்கிக் குடுத்தோம், இஞ்சித் தண்ணி குடுத்தோம், கேக்கல’ என்றார் மனைவி. அவர் மேல்வயிற்றில் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். நெஞ்சைத் தொடவே இல்லை. ஆனால் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மார்கழி மாதம், குளிர் அடிக்கும் ராத்திரி. அந்த வேர்வைக்கு அங்கே வேறு காரணமே கிடையாது. கை சில்லிட்டிருந்தது. நாடி 48. ரத்த அழுத்தம் 90க்கு 60.

எனக்குத் தெரிந்துவிட்டது. இதயத்தின் அடிப்பகுதியில் ரத்தம் அடைபட்டால் வலி வயிற்றில் வந்து உட்காரும், நாடி தளரும் என்று படித்திருந்தேன். ஈ.சி.ஜி. மெஷின் டாக்டர் அறையில் பூட்டியிருந்தது. டியூட்டி டாக்டரின் வீடு வளாகத்தின் பின்னால். டாக்டரை அழைக்க எழுதியனுப்பும் நோட்டை, கால் புக்கை, வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பினேன். அதில் நான் எழுதியது இதுதான்: மேல்வயிற்று வலி, மிகுந்த வேர்வை, நாடி 48, பி.பி. 90/60. நோயின் பெயரை எழுதவில்லை. எழுதக் கூடாது என்று மூன்று வருஷம் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நான் நன்றாகக் கற்றிருந்தேன். பத்து நிமிஷத்தில் நோட்டு திரும்பி வந்தது. ஆன்டாசிட் பத்து மில்லி, ரானிடிடின் ஊசி ஒன்று, காலையில் பார்க்கிறேன்.

ஊசியைப் போட்டேன். நாடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இன்னொரு முறை வாட்ச்மேனை அனுப்பினேன். இரண்டாம் முறையும் அறிகுறிகளைத்தான் எழுதினேன், எழுத்து மட்டும் பெரிதாக இருந்தது. விடிகாலை நாலு மணிக்கு அவர் போய்விட்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னைத் திட்டவில்லை, எதுவும் கேட்கவுமில்லை. அந்த அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு என்னிடம்தான் கேட்டார்: ‘வாயுவுக்குப் போயி யாராச்சும் சாவாகளா சிஸ்டர்?’

அந்தக் காலத்தில், அந்த ஊரில், பெயரை எழுதியிருந்தாலும் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. இது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நோட்டில் ஒரு சொல்லுக்கு இடம் இருந்தது. நான் அதை வெறுமையாக விட்டேன்.

2003இல் டெக்சாஸ் வந்தேன். பத்து வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் இரவு வேலை. பகலில் படிப்பு. நர்ஸ் பிராக்டிஷனர் என்ற வேலை இருப்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற பொதுச் சுகாதார நர்ஸும், ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய பயிற்சி அது. டாக்டர் எட்டாத கிராமப்புறங்களில் குழந்தைகளை அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நர்ஸுகள்தான். பார்க்கிறவர்களுக்கே பரிசோதிக்கவும் முடிவெடுக்கவும் கற்றுக்கொடுத்தால் என்ன என்பதுதான் அவர்களுடைய கேள்வி. டாக்டர்கள் எதிர்த்தார்கள். நர்சிங் ஆசிரியர்களிலும் பலர் எதிர்த்தார்கள். ஃபோர்டு அம்மையார் 2025 ஜனவரியில், 104ஆம் வயதில் இறந்தார். செய்தியைப் படித்த அன்று இரவு எனக்கு அந்தக் கால் புக் நினைவுக்கு வந்தது. நீல அட்டை, மூலையில் நூலில் கட்டித் தொங்கும் பேனா.

நான் தேர்வு எழுதியது 2013இல். அதே வருஷம்தான் டெக்சாஸ் சட்டத்தைத் திருத்தி, ஒரு டாக்டரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டு நர்ஸ் பிராக்டிஷனர்கள் மருந்து எழுதலாம் என்று முறையை மாற்றினார்கள். பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில் அந்த ஒப்பந்தமும் தேவையில்லை. ஒரே படிப்பு, ஒரே தேர்வு, நடுவில் ஒரு மாநில எல்லை. இது நியாயமில்லை என்பது என் எண்ணம். ஆனால் என்னோடு ஒப்பந்தம் செய்திருக்கும் டாக்டர் நான் எந்த நேரம் கூப்பிட்டாலும் எடுக்கிறவர் என்பதையும் சொல்ல வேண்டும். இரவு பதினொன்றரைக்குக்கூட.

இங்கே வந்து நான் எதிர்பார்க்காத ஒன்று, நோய்ப் பேச்சு என்னோடு கடல் தாண்டி வந்திருந்தது. எங்கள் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் மெக்சிக வழி வந்தவர்கள், ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். நீரிழிவுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை ‘அசுக்கார்’. சர்க்கரைதான். ‘சர்க்கரை எப்படி வந்தது?’ என்று ஒரு பாட்டியைக் கேட்டேன். மகன் விபத்தில் மாட்டிய செய்தி வந்த அன்று பட்ட அதிர்ச்சியில் வந்தது என்றார். ‘சுஸ்தோ’ என்று அதற்குப் பெயர். பயம் உடம்புக்குள் இறங்கித் தங்கிவிடுவது. மூலிகைக் கொத்தால் உடம்பைப் பெருக்கியோ, முட்டையை உடம்பெங்கும் உருட்டியோ அதை இறக்குவார்கள். எங்கள் ஊரில் பிள்ளை பயந்துவிட்டால் திருநீறு போடுவதும், பள்ளிவாசலில் ஓதிக்கொண்டு வருவதும் எனக்குத் தெரியாதா? அந்தப் பாட்டியிடம் பயம் சர்க்கரைக்குக் காரணமில்லை என்று வாதாடவில்லை. அதிர்ச்சியும் சர்க்கரையை ஏற்றும், மகன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். அடுத்த முறை அவர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வந்தார். மூன்று மாத சர்க்கரை அளவு 10இலிருந்து 8க்கு வந்திருந்தது.

குழந்தைக்கு வயிறு உப்பினால் ‘எம்பாச்சோ’ என்பார்கள். உணவு குடலில் ஒட்டிக்கொண்டதாம். வயிற்றைத் தடவி, முதுகுத் தோலைப் பிடித்து இழுத்து எடுப்பார்கள். நம்மூர்த் தொக்கம் எடுப்பதும் குடலேற்றம் வழிப்பதும்தான் என் கண்ணில் நின்றது. தடவுவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எம்பாச்சோவுக்குச் சிலர் ‘கிரேத்தா’ என்றொரு பொடி கொடுப்பதுண்டு. மஞ்சளாக இருக்கும். அது ஈயத்தின் ஆக்சைடு. குழந்தைக்கு மலச்சிக்கல், வயிற்றுவலி, ரத்தசோகை மூன்றும் சேர்ந்து வந்தால் நான் பாட்டியின் பக்கம் திரும்பி, குரலில் குற்றம் தொனிக்காமல், வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்கிறேன். குற்றம் தொனித்துவிட்டால் பொடியின் பெயர் வெளியே வராது. பிள்ளையின் ரத்தத்தில் ஈயம் ஏறிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. தென்காசிப் பக்கத்தில் ரத்தம் குறைந்த பெண்களிடம் நான் மெதுவாகக் கேட்பதுண்டு, பச்சரிசி வாயில் போடுகிறாயா? பலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். பச்சரிசி, சாம்பல், திருநீறு, சிலேட்டுக் குச்சி என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று. இரும்புச் சத்து வற்றிய உடம்பு கேட்கிற விசித்திரமான தீனி. இந்தக் கிளினிக்குக்கு வந்த புதிதில், தலைவலி, அசதி என்று ஒரு பத்தொன்பது வயதுப் பெண் வந்தாள். தலைவலிக்கான கேள்விகளையெல்லாம் கேட்டு முடித்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. அவள் கையில் ஒரு பெரிய நுரைக் கோப்பை. நான் திரையில் எழுதிக்கொண்டிருக்கையில் பின்னால் கடக், கடக் என்று சத்தம். பனிக்கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை என்று கேட்டேன். நாலு என்றாள், அதே மாதிரி தலையைக் குனிந்துகொண்டு. எழுந்து போய் அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 7.4. மாதா மாதம் பத்து நாள் போகிற ரத்தத்தைப் பற்றி அவளிடம் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. இரும்பு மாத்திரை தொடங்கி, ரத்தப்போக்குக்கு வழி பார்த்த பிறகு பனிக்கட்டி ஆசை தானாகவே போய்விட்டது என்று அவளே சொன்னாள்.

சளி, இருமல் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண மார்ச்சளி இருமல் சராசரியாகப் பதினெட்டு நாள் நிற்கும் என்பதை ஐந்தாம் நாளே ஆன்டிபயாடிக் கேட்டு வருகிறவரிடம் சொல்லிப் புரியவைப்பதுதான் வேலை. மூன்று வாரம் தாண்டினால் என் பழைய கேள்விகள் திரும்பிவிடும். எல்லை ஓரத்தில் காசநோய் டெக்சாஸின் மற்றப் பகுதிகளைவிட அதிகம்.

இப்படியெல்லாம் காதைத் தீட்டி வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நாற்பத்தொரு வயதுப் பெண். வெங்காயக் கொட்டகையில் வேலை. ‘நெர்வியோஸ்’ என்றார். நரம்பு, பதட்டம். தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது. கணவர் எல்லைக்கு அப்பால் மாட்டிக்கொண்டு ஏழு மாதம். படபடக்க இதைவிடக் காரணம் வேண்டுமா? அன்று நான் நாற்பது நிமிஷம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தேன். பதட்ட நோய், எஃப் 41.9 என்று பெயர் வைத்தேன். மாத்திரை எழுதினேன், ஆலோசகரிடம் அனுப்பினேன். அறையை விட்டு வெளியே வந்ததும் எங்கள் மெடிக்கல் அசிஸ்டன்ட் நின்றுகொண்டிருந்தாள். உயரம், எடை, ரத்த அழுத்தம் எடுத்து, தொந்தரவைக் கேட்டு எழுதுகிற வேலை அவளுடையது. இருபத்து நாலு வயது. இந்த ஊர்ப் பிள்ளை.

‘மிஸ், அவங்க கை நடுங்கிட்டே இருந்துச்சு. உள்ளங்கையெல்லாம் ஈரம். ஏசி ஓடுது, அவங்க அட்டையால விசிறிக்கிட்டிருந்தாங்க.’

‘பதட்டமா இருந்தா அப்படித்தான் இருக்கும்மா’ என்று சொல்லிவிட்டு அடுத்த கதவைத் திறந்தேன்.

ஆறு வாரம் கழித்து அந்தப் பெண் வந்தபோது பதினோரு பவுண்டு இளைத்திருந்தார். நாடி 128. கண்கள் பிதுங்கத் தொடங்கியிருந்தன. நன்றாகச் சாப்பிடுகிறேன், இருந்தும் உடுப்பு நிற்கவில்லை என்றார். தைராய்டு சுரப்பி கட்டுமீறி ஓடிக்கொண்டிருந்தது, டி.எஸ்.எச். அளவிட முடியாத அளவுக்குக் கீழே. பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். முதல் நாளே நாடி 112 என்று எழுதியிருந்தது. அதன் கீழே, அவள் எழுதும் குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி: கைகள் நடுங்குகின்றன, புழுங்குகிறது என்கிறார். நான் அந்தக் கட்டத்தைத் திறக்கவே இல்லை.

அன்று நான் கால் புக்கின் மறுபக்கத்தில் இருந்தேன், பதில் எழுதும் பக்கத்தில்.

அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மெதிமசோல் தொடங்கி, படபடப்பு அடங்க வேறொன்றும் சேர்த்து, நிபுணரிடம் அனுப்பினோம். இப்போது நன்றாக இருக்கிறார்; கணவரும் வந்து சேர்ந்துவிட்டார். அசிஸ்டன்ட்டிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அன்றிலிருந்து எந்த அறைக்குள் நுழையும் முன்பும் கதவருகில் நின்று அவளைக் கேட்கிறேன், உனக்கு என்ன தோணுது? முதல் நாள் அவள் சொன்ன பதிலைக் கேட்டு எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை.

‘அதை நான் சொல்லக் கூடாது, மிஸ். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்காங்க.’

நோயின் பெயர் வேண்டாம், நீ பார்த்ததைச் சொல், பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல் என்றேன். நோயாளி சொன்ன வார்த்தையை மாற்றாமல் அவர் மொழியிலேயே எழுது என்றும் கேட்டுக்கொண்டேன். கட்டத்தில் இப்போது ஸ்பானிஷ் வரிகள் வருகின்றன. என் கணக்கில் இதற்கு ஒரு நோயாளிக்கு அரை நிமிஷம் ஆகிறது. இருபது பேருக்குப் பத்து நிமிஷம். மேலாளர் அதைப் பற்றி என்னிடம் இரண்டு முறை பேசிவிட்டார். மூன்றாம் முறையும் பேசட்டும்.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் மாதா மாதம் மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறாள். நான் திண்ணையில் இருந்தபோது வந்தாள். விரலில் குத்தி, சின்னக் கருவியில் ஒரு சொட்டு ரத்தம்; ஐந்தாறு விநாடியில் எண் வந்துவிட்டது. ஸ்பிரிட் விளக்கு, சோதனைக் குழாய், செங்கல் நிறம் எல்லாம் என் கண் முன்னால் வந்து போயின. அவள் எண்ணைக் குறித்துக்கொண்டு எழுந்துவிடவில்லை. அம்மாவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்தாள். ‘ஆச்சி, இங்க தோலு வெடிச்சிருக்கு. எரியுதா? ஒண்ணும் தெரியலையா?’ அம்மா தெரியவில்லை என்றாள். ‘நாளைக்கு நான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், டாக்டர் பாக்கட்டும்’ என்றாள் அவள். நான் அங்கே நாலு நாளாக இருக்கிறேன். அம்மாவின் காலைப் பார்த்திருக்கவில்லை.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, கிளினிக்கில். மதியத்துக்கு மேல் கடைசி நோயாளிகள். ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை செய்யும் அறுபது வயதுக்காரர், பட்டியலில் ‘அஜீரணம்’ என்றிருந்தது. நான் இரண்டாம் அறையில் ஒரு குழந்தையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. நாங்கள் ஒரு நோயாளியோடு இருக்கும்போது அசிஸ்டன்ட் தட்ட மாட்டாள்.

‘மிஸ், நாலாம் அறையில இருக்கவர் வாயுதான்னு சொல்றார். மனைவி கட்டாயப்படுத்தித்தான் வந்தாராம். ஆனா சட்டை நனைஞ்சிருக்கு. எனக்குப் பயமா இருக்கு.’

காது பார்க்கும் கருவியைக் குழந்தையின் தாய் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். நாலாம் அறையின் கதவுக்கு வெளியே ஈ.சி.ஜி. வண்டியை அவளே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தாள். கம்பிகளைச் சிக்கெடுத்து, வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள்.